ஒரு கடலின் இரு கரைகள்

கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் எல்லையாகத் தோன்றும். மரக்கலம் ஏறியவருக்கு அது வழியாகத் தோன்றும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் பிறந்து வளர்ந்த நம் வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கடல் கடந்து வணிகம் செய்து, கடல் கடந்து கல்வி கற்று, கடல் கடந்து உறவும் கொண்ட மரபினர் நாம். நம் கடலின் கதையை நாம் பலகாலும் பேசியிருக்கிறோம். இம்முறை வேறொரு கடலின் கதையைக் காண்போம். அதில் நமக்குப் படிப்பினைகள் பல உள.

ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா ஆகிய மூன்று கண்டங்களும் சூழ்ந்து நிற்பது மத்தியதரைக்கடல். அதன் நடுவிடை குறுகுமிடத்தில் ஒருபுறம் ஆப்பிரிக்காவின் துனீசியா. மறுபுறம் ஐரோப்பாவின் சிசிலித் தீவு. இடையே ஏறத்தாழ 145 கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. காற்று வாய்த்தால் பாய்மரக்கலம் சில நாள்களுக்குள் கடந்துவிடும். அன்றைய அரபு மக்கள் துனீசியாவையும் அதனை ஒட்டிய நிலப்பகுதியையும் இஃப்ரீகிய்யா என்றழைத்தனர். சிசிலியை ஸிகில்லிய்யா என்றனர். இவ்விரு கரைகளும் ஒன்றையொன்று ஆண்டன, ஒன்றுக்கொன்று சோறிட்டன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அகதிகளை அனுப்பின. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் நீண்ட அந்த உறவைச் சுருக்கமாக நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பகை அழைத்து வந்த படை

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிசிலி பைஸாந்தியப் பேரரசின் கையில் இருந்தது. இஃப்ரீகிய்யாவை அக்லபிய அமீர்கள் கைரவானிலிருந்து ஆண்டனர். இரு நாடுகளுக்குமிடையே உடன்படிக்கை ஒன்றும் இருந்தது. அந்நிலையில் சிசிலியின் கடற்படைத் தலைவன் யூஃபீமியஸ் என்பான் தன் பேரரசனுக்கு எதிராகக் கிளர்ந்தான். தோல்வி நெருங்கவே கடலைக் கடந்து வந்து அமீர் ஸியாதத்துல்லாஹ்விடம் படையுதவி கேட்டான்.

அமீர் வாளை உடனே உருவிவிடவில்லை. கைரவானின் மார்க்க அறிஞர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். கையெழுத்திட்ட உடன்படிக்கையை மீறலாமா என்பதே வினா. ஒரு சாரார் பொறுமை காட்ட வேண்டும் என்றனர். முஸ்லிம் கைதிகளைத் திருப்பியனுப்ப ஒப்புக்கொண்ட சிசிலியினர் அவர்களை இன்னும் வைத்திருக்கின்றனரா என்று ஆராயப்பட்டது. வைத்திருப்பது உண்மையெனத் தெரிந்ததும், உடன்படிக்கையை முறித்தவர்கள் அவர்களே என்று வாதிட்டார் காழி அஸத் இப்னுல் ஃபுராத். இவர் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமும், இராக்கில் இமாம் முஹம்மது இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களிடமும் பாடம் கேட்டவர். எழுபதை நெருங்கிய முதுமையில், படைத்தலைமையும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. பதினாயிரம் காலாட்களும் எழுநூறு குதிரைகளும் சென்றதாக அரபு வரலாற்றாசிரியர்கள் கூறுவர். 827ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அப்படை சிசிலியின் தென்மேற்கு மூலையிலுள்ள மஸாரா என்னும் துறையில் இறங்கிற்று. மஸாரா என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இக்கதை அங்கே தொடங்கி அங்கேயே முடிகிறது.

அடுத்த ஆண்டே காழி அஸத் முற்றுகைப் பாசறையில் உயிர் நீத்தார். எனினும் 831இல் பலெர்மோ வசமாயிற்று. 878இல் சிரக்கூஸ் நகரம் நீண்ட முற்றுகைக்குப்பின் வீழ்ந்தது. 902இல் தவோர்மினாவும் விழுந்தது. சிரக்கூஸில் நிகழ்ந்த உயிர்ச்சேதம் பெரிது. பசியாலும் வாளாலும் அந்நகர மக்கள் பட்ட துயரத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம்மவர் வென்றபோது மற்றவர் சிந்திய கண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல், நம்மவர் தோற்றபோது சிந்திய கண்ணீரை மட்டும் எண்ணுவது வரலாறாகாது.

பலெர்மோவின் வளம்

வெற்றிக்குப்பின் வந்தோர் உழவரும் கைவினைஞரும் கல்வியாளரும் ஆவர். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் குடியேறினர். எலுமிச்சை, நாரத்தை, கரும்பு, பருத்தி ஆகியன தீவின் மண்ணில் வேரூன்றின. பயிர் வந்தால் மட்டும் போதாது. கோடையில் மழை பெய்யாத அத்தீவில் நீர் வேண்டும். நிலத்தடியில் கால்வாய் குடைந்து மலையடி ஊற்றை நகருக்குக் கொண்டுவரும் கலையும், விலங்கு பூட்டிச் சுழற்றும் நீர் ஏற்றமும், தோட்டத்தின் மேட்டில் நீர் தேக்கும் தொட்டியும் உடன்வந்தன. இன்றும் சிசிலி உழவர் அத்தொட்டியை 'ஜெப்பியா' என்கின்றனர். அரபியின் 'ஜாபியா'வே அது. நீர் ஏற்றத்தைச் 'சேனியா' என்கின்றனர். அரபியில் அது 'ஸானியா'. நாரத்தைப் பூவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸாகரா'. மலரைக் குறிக்கும் 'ஸஹ்ர்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது அது.

973இல் பக்தாதிலிருந்து உலகம் சுற்றிவந்த இப்னு ஹவ்கல் பலெர்மோவைக் கண்டு எழுதினார். நகரிலும் புறநகரிலுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களை அவர் கணக்கிட்டார். இறைச்சி வணிகரின் பள்ளிவாசலில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அணிவகுத்துத் தொழக்கூடும் என்று வரிசைகளை எண்ணிக் கூறினார். ஆனால், புகழ்ந்துரைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் பெருமைக்குத் தனித்தனிப் பள்ளிவாசல் கட்டிக்கொண்டனர் என்றும், படைச்சேவையிலிருந்து தப்பவே பலர் ஓதிக்கொடுக்கும் ஆசிரியர் ஆயினர் என்றும் இடித்துரைத்தார். ஊரார் வெங்காயத்தை அளவின்றித் தின்பதால் அவர்தம் அறிவு மழுங்கிற்று என்றும் எழுதிவைத்தார்! அன்னாரின் ஏளனத்தை நாம் முழுதும் ஏற்க வேண்டியதில்லை. எனினும், தொழுகைக்கு இடம் போதாமையால் அன்றித் தமக்கெனத் தனிப் பெயர் வேண்டிப் பள்ளி எழுப்பும் வழக்கம் பலெர்மோவோடு ஒழிந்துவிட்டதா என்பதை வாசகர்களே சிந்தித்துக்கொள்ளட்டும்.

இத்தீவின் பெயர் கெய்ரோவின் வரலாற்றிலும் ஒட்டிக்கொண்டது. 969இல் கெய்ரோ நகருக்குக் கால்கோள் செய்து, அல்அஸ்ஹர் பள்ளிவாசலை எழுப்பிய ஃபாத்திமிய்யத் தளபதி ஜவ்ஹரை வரலாறு 'அஸ்ஸிகில்லீ' என்றே அழைக்கிறது. சிசிலியர் என்பது அதன் பொருள்.

மீண்டும் பகை, மீண்டும் அழைப்பு

பதினோராம் நூற்றாண்டின் நடுவில் தீவின் ஆட்சி துண்டு துண்டாயிற்று. ஊருக்கு ஒரு தலைவன் எழுந்தான். கத்தானியாவை ஆண்ட இப்னுத் துமனா என்பவருக்கும், நடுநாட்டை ஆண்ட இப்னுல் ஹவ்வாஸ் என்பவருக்கும் தீராப் பகை மூண்டது. இப்னுத் துமனாவின் மனைவி இப்னுல் ஹவ்வாஸின் உடன்பிறந்தவர். குடும்பச் சண்டையே போராக முற்றியது என்பர் வரலாற்றாசிரியர்கள். தோற்ற இப்னுத் துமனா கடலைக் கடந்து தென் இத்தாலிக்குச் சென்று, அங்கிருந்த நார்மன் தலைவர்களிடம் தீவைக் காட்டிக்கொடுத்தார். 1061இல் மெஸ்ஸினா வீழ்ந்தது. 1072இல் பலெர்மோ அடிபணிந்தது. 1091இல் கடைசி ஊரான நோத்தோவும் பணிந்தது.

827இல் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது என்பதை வாசகர்கள் உணர்வர். அன்று கிறிஸ்தவத் தலைவன் ஒருவன் தன்னவரோடு பகைத்து முஸ்லிம்களை அழைத்தான். இன்று முஸ்லிம் தலைவன் ஒருவன் தன்னவரோடு பகைத்துக் கிறிஸ்தவரை அழைத்தான். கடல் இருவருக்கும் ஒரே வழியாகவே இருந்தது.

எதிர்க்கரையிலும் அக்காலத்தில் நிலைமை சீர்கெட்டிருந்தது. பனூ ஹிலால் கோத்திரத்தார் கிழக்கிலிருந்து புகுந்தனர்; 1057இல் கைரவான் சூறையாடப்பட்டது. வயல்கள் பாழாயின. ஆட்சியாளர்களான ஸீரீ வம்சத்தார் மஹ்திய்யா என்னும் கடற்கோட்டைக்கு ஒதுங்கினர். ஒருகாலத்தில் ரோமாபுரிக்கே கோதுமை அளந்த ஆப்பிரிக்கக் கரை, இப்போது சிசிலியின் கோதுமைக்கு வாய்பார்க்கும் நிலை வந்தது. முதலாம் ரோஜர் என்ற நார்மன் தலைவனை அவனுடைய கூட்டாளிகள் இஃப்ரீகிய்யாமீது படையெடுக்கத் தூண்டியபோது அவன் மறுத்தான் என்றும், தானியம் விற்று வரும் வருவாய் போய்விடும் என்பதே அவன் கணக்கு என்றும் இப்னுல் அதீர் எழுதுகிறார். சமயத்தின் பெயரால் மூட்டப்பட்ட போர்களின் காலத்திலும் தராசு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

போவதா, இருப்பதா?

வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதோடு அரசர்களின் கதை முடிந்துவிடும். மக்களின் கதை அதன் பின்னரே தொடங்குகிறது. பிறர் ஆட்சிக்குள் வந்துவிட்ட நிலத்தில் தொடர்ந்து வாழ்வதா, மூட்டை கட்டிக்கொண்டு கடலைக் கடப்பதா? சிசிலியின் ஒவ்வொரு முஸ்லிம் இல்லத்திலும் எழுந்த வினா இது.

சிலர் சென்றனர். சிரக்கூஸ் பகுதியில் பிறந்த கவிஞர் இப்னு ஹம்தீஸ் ஏறத்தாழ 1078இல், இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞராகக் கப்பலேறி ஸ்பெயினின் இஷ்பீலிய்யா அரசவையை அடைந்தார். அங்கும் ஆட்சி கவிழ, ஆப்பிரிக்கக் கரைக்கு வந்தார். தாம் பிறந்த தீவை நினைத்து உருகும் அவர்தம் பாடல்கள் அரபு இலக்கியத்தில் நிலைபெற்றன. ஆயினும் 1133இல் கண்மூடும்வரை அவர் அத்தீவுக்குத் திரும்பவே இல்லை.

பலர் தங்கினர். அவர்களைப் பற்றித்தான் எதிர்க்கரையில் பெரியதொரு வினா எழுந்தது. சிசிலியில் முஸ்லிம்களுக்குக் காழி இருந்தார். ஆனால் அவரை நியமித்தவன் கிறிஸ்தவ அரசன். அந்தக் காழியின் முத்திரையோடு சொத்து, கடன், திருமணம் பற்றிய பத்திரங்கள் மஹ்திய்யாவுக்கு வந்தன. அவை செல்லுமா? அங்கே விரும்பித் தங்கியிருப்போரின் சாட்சியம் ஏற்கத்தக்கதா?

இவ்வினா வந்து சேர்ந்த இடம் இமாம் முஹம்மது அல்மாஸரீ (ரஹ்) அவர்களின் சமுகம். அன்னாரின் பெயரே அவர்தம் குடும்பம் மஸாராவைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். மஹ்திய்யாவில் வாழ்ந்து 1141இல் (ஹிஜ்ரி 536) மறைந்த மாலிக்கீ பேரறிஞர் அவர். ஸஹீஹ் முஸ்லிமுக்கு அவர் இயற்றிய விளக்கவுரையைக் காழி இயாள் (ரஹ்) விரிவுபடுத்தினார். பின்வந்த இமாம் நவவீ (ரஹ்) தம் விரிவுரையில் அல்மாஸரீயின் கருத்துகளைப் பலவிடங்களில் எடுத்தாண்டார். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் இமாம் நவவீயின் நூல்களை ஓதிவந்த மாணவர்கள், தாம் அறியாமலே மஸாராவின் மைந்தர் ஒருவரின் சொல்லையும் செவியேற்று வந்திருக்கின்றனர்.

அல்மாஸரீ அவர்களின் விடை நிதானமானது. முஸ்லிம்களைப் பற்றி நல்லெண்ணம் கொள்வதே அடிப்படை என்று அவர் தொடங்கினார். ஒருவர் அங்கே தங்கியிருப்பதற்கு வேறு வழியின்மை காரணமாயிருக்கலாம். நன்னோக்கம் ஒன்றும் இருக்கலாம். உறுதியான சான்றின்றி அவரைக் குற்றவாளி எனக் கொள்ளலாகாது. மக்கள் ஒருவருக்கொருவர் தீங்கிழைக்காமல் காக்க நீதிபதி தேவை. அவரை நியமித்தவன் எச்சமயத்தவன் என்பதால் அவருடைய தீர்ப்பு செல்லாததாகிவிடாது. இதுவே அவர் கூறியதன் சாரம்.

அதே அல்மாஸரீ, தானியம் வாங்க வணிகர்கள் சிசிலிக்குப் போகலாமா என்று கேட்கப்பட்டபோது கடுமை காட்டினார். அங்கே செல்வோர்மீது முஸ்லிமல்லாதார் சட்டம் செல்லுபடியாகுமாயின் போகக்கூடாது. உணவுத் தேவையும் அதற்குச் சாக்காகாது என்றார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவர் நோக்கம் விளங்கும். சிக்கிக்கொண்ட எளியவர்பால் அவருக்கு இரக்கம் இருந்தது. இலாபம் நாடிச் செல்வோர்பால் கண்டிப்பு இருந்தது. பிறர் ஆட்சியில் சிறுபான்மையாக வாழும் முஸ்லிம்களை ஐயத்தோடு நோக்குவோர் எக்காலத்திலும் இருப்பர். அவர்களுக்கு இரு கரையையும் அறிந்த இப்பெரியார் விட்டுச்சென்ற விடை இன்றும் போதுமானது.

அரசவையில் அரபு

1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜரின் அரசவை வியப்புக்குரியது. அரபி, கிரேக்கம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளிலும் அரசாணைகள் எழுதப்பட்டன. அவன் அன்னை அதெலைடு 1109இல் கிரேக்கத்திலும் அரபியிலுமாக விடுத்த ஆணை, ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய காகித ஆவணங்களுள் முதன்மையானது. முஸ்லிம் உலகின் காகிதம் ஐரோப்பாவில் புகுந்த வாயில்களுள் சிசிலியும் ஒன்று என்பதற்கு அதுவே சான்று. ரோஜரின் முடிசூட்டுப் போர்வை என வழங்கும் செம்பட்டு அங்கியின் விளிம்பில் அரபு எழுத்துகள் பொன்னூலால் மின்னுகின்றன. ஹிஜ்ரி 528ஆம் ஆண்டு சிசிலியின் அரச தொழிற்கூடத்தில் நெய்யப்பட்டது என்று அவ்வெழுத்துகளே கூறுகின்றன. பிற்காலத்தில் ஜெர்மானியப் பேரரசர்கள் இதனை அணிந்தே முடிசூடினர். இன்று அது வியன்னாவில் இருக்கிறது.

1149ஆம் ஆண்டின் கல்லறைக் கல் ஒன்று பலெர்மோவில் உள்ளது. பாதிரியார் ஒருவர் தம் தாயார் அன்னாவுக்கு எழுப்பியது அது. இலத்தீனிலும், கிரேக்கத்திலும், அரபியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய அரபியிலுமாக நான்கு வகையில் அதில் பொறித்திருக்கிறார். ஊரார் அனைவரும் தம் அன்னையின் பெயரைப் படிக்க வேண்டும் என்று அந்த மகன் விரும்பினார் போலும்.

அவ்வரசவையின் மணிமுடி அஷ்ஷரீஃப் அல்இத்ரீஸீ. மொராக்கோவின் இத்ரீஸிய மரபில் உதித்த அப்பெரியார் பலெர்மோவில் ரோஜரின் ஆதரவில் தங்கி, வந்துபோகும் மாலுமிகளையும் வணிகர்களையும் வினவி உலக நிலநூல் ஒன்றைத் தொகுத்தார். உலகை ஏழு மண்டலங்களாகவும், மண்டலம் ஒவ்வொன்றையும் பத்துப் பகுதிகளாகவும் வகுத்து எழுபது வரைபடங்கள் அமைத்தார். அவற்றில் தெற்கு மேலே இருக்கும். வெள்ளித் தகட்டில் உலகப்படமும் பொறிக்கப்பட்டது. 1154 ஜனவரியில் நூல் நிறைவெய்தியது. மறுமாதமே ரோஜர் மறைந்தார். அந்நூலில் நம் ஸரன்தீபும் இடம்பெற்றிருக்கிறது. இலங்கையின் செய்தியை ஐரோப்பியத் தீவொன்றில், ஆப்பிரிக்க வழித்தோன்றல் ஒருவர், கிறிஸ்தவ மன்னன் ஒருவனுக்காக, அரபியில் எழுதினார். கடல் செய்யும் வேலை இதுதான்.

ஆயினும் அரசவையின் பொலிவைக் கண்டு மயங்கிவிடலாகாது. அதே ரோஜரின் கப்பற்படை, பஞ்சத்தால் நலிந்திருந்த எதிர்க்கரையின்மீது பாய்ந்தது. 1146இல் திரிப்போலியும் 1148இல் மஹ்திய்யாவும் வீழ்ந்தன. படையை நடத்திச் சென்ற அந்தியோக்கியா ஜார்ஜ் முன்னர் மஹ்திய்யா அரசிலேயே பணிபுரிந்தவன். அக்கரையின் இரகசியம் அனைத்தும் அறிந்தவன். 1160இல் முவஹ்ஹிது கலீஃபா அப்துல் முஃமின் மஹ்திய்யாவை மீட்டார். அரபியைப் போற்றிய அதே கை அரபு நகரங்களைப் பறிக்கவும் செய்தது. ஒரு சமுதாயத்தின் கலையை விரும்புவது வேறு. அச்சமுதாயத்தை வாழவிடுவது வேறு.

இப்னு ஜுபைர் கண்ட காட்சி

1184 டிசம்பரில், ஹஜ் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கிரானடாவின் இப்னு ஜுபைர் ஏறியிருந்த கப்பல் மெஸ்ஸினா கரையில் மோதி உடைந்தது. கரைசேர்க்கப் படகோட்டிகள் பெருங்கூலி கேட்டனர். கூலி கொடுக்க வழியற்ற ஏழை முஸ்லிம்கள் கப்பலிலேயே தவித்தனர். அவ்வூரில் இருந்த மன்னன் இரண்டாம் வில்லியம் நூறு பொற்காசு தந்து அவர்களைக் கரையேற்றச் செய்தான் என்று இப்னு ஜுபைர் நன்றியோடு பதிகிறார். அம்மன்னன் அரபி எழுதப் படிக்கத் தெரிந்தவன். அவனுடைய அரண்மனைப் பணியாளர் பலர் உள்ளத்தில் முஸ்லிம்களாக இருந்து மறைவில் தொழுதுவந்தனர்.

பலெர்மோவில் பள்ளிவாசல்கள் இருந்தன, பாங்கொலி கேட்டது, காழி இருந்தார். ஜும்ஆவின் குத்பாவுக்கு மட்டும் தடை. பெருநாள் குத்பா நிகழ்ந்தது. கிறிஸ்தவப் பெண்டிர் தம் பண்டிகை நாளில் முஸ்லிம் பெண்களைப் போலவே முக்காடிட்டு, மருதாணியிட்டுச் சென்றதை அவர் கண்டார். திராப்பானி நகரில் நோன்புப் பெருநாள் வந்தது. முஸ்லிம்கள் கொட்டுமுழக்கத்தோடு திடலுக்குச் சென்று தொழுது திரும்பியதையும், கிறிஸ்தவர் அதனைத் தடுக்காதிருந்ததையும் கண்டு வியந்தார்.

ஆனால் வீட்டுக்குள் கேட்ட விம்மல் வேறாக இருந்தது. தீவின் முஸ்லிம்களுக்குத் தலைவராக விளங்கிய அபுல் காஸிம் இப்னு ஹம்மூது அப்போது மன்னனின் சினத்துக்கு ஆளாகிப் பெரும் தண்டம் இறுத்திருந்தார். எதிர்க்கரையோடு தொடர்பு வைத்திருந்தார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட பழி. தாமும் தம் குடும்பமும் அடிமைகளாக விற்கப்பட்டாவது முஸ்லிம் நாடு ஒன்றைச் சேர்ந்துவிடலாகாதா என்று அப்பெருந்தலைவர் ஏங்கினார். வணக்கத்துக்குத் தடையில்லை, வாழ்வுக்கு உறுதியில்லை. அதுவே அவர்கள் நிலை.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. திராப்பானியின் மதிப்புமிக்க ஒருவர் தம் மகனை ஹஜ் பயணிகளுள் ஒருவரிடம் தூதனுப்பினார். பருவமெய்தும் வயதை அடுத்த தம் மகளை ஏற்றுக்கொண்டு உடன் அழைத்துச் செல்ல வேண்டும். தாமே மணந்துகொண்டாலும் சரி, தம் ஊரில் தக்கவருக்கு மணமுடித்தாலும் சரி என்பதே வேண்டுகோள். பெற்றவரையும் உடன்பிறந்தோரையும் இனிக் காணவே இயலாதென்று அறிந்தும் அச்சிறுமி உடன்பட்டாள். பயணியும் ஏற்றுக்கொண்டார். மகள் பெற்ற எவரும் இதனைக் கண் கலங்காது படிக்க இயலாது. ஒரு சமுதாயம் தன் எதிர்காலத்தைப் பற்றி எத்துணை நம்பிக்கையிழந்திருந்தால் பெற்ற தந்தை இம்முடிவுக்கு வந்திருப்பார்!

அத்தந்தையின் அச்சம் பொய்க்கவில்லை. 1189இல் வில்லியம் மறைந்ததும் பலெர்மோவின் முஸ்லிம்கள்மீது கலகம் பாய்ந்தது. உயிர்தப்பியோர் மலைகளில் ஒதுங்கினர். அடுத்த தலைமுறையில் பேரரசன் இரண்டாம் ஃபிரெடரிக் அம்மலைக் கோட்டைகளை முறியடித்து, 1220கள் முதலாக முஸ்லிம்களைத் தீவிலிருந்து பெயர்த்து, இத்தாலியின் உள்நாட்டிலுள்ள லுசேரா நகரில் குடியமர்த்தினான். அதே ஃபிரெடரிக்தான் 1229இல் எகிப்தின் சுல்தான் அல்காமிலோடு போரின்றி உடன்படிக்கை செய்து ஜெரூசலத்தைப் பெற்றவன். அங்கே ஹரம் ஷரீஃப் முஸ்லிம்களிடமே இருக்க இசைந்தவன். வெளிநாட்டு முஸ்லிம் மன்னரோடு நட்பு. உள்நாட்டு முஸ்லிம் உழவருக்கு நாடுகடத்தல்! லுசேராவில் பள்ளிவாசலோடும் காழியோடும் அவர்கள் முக்கால் நூற்றாண்டு வாழ்ந்தனர். அரசனின் வில்லாளிகளாகவும் பணிபுரிந்தனர். 1300 ஆகஸ்டில் அஞ்சூ வம்சத்து இரண்டாம் சார்லஸ் அந்நகரை அழித்தான். பெரும்பாலோர் அடிமைச்சந்தையில் விற்கப்பட்டனர். பள்ளிவாசல் இருந்த இடத்தில் தேவாலயம் எழுந்தது.

எஞ்சி நிற்பவை

மக்கள் போயினர், சொற்கள் போகவில்லை. 'கல்அத்' என்னும் கோட்டை, கல்தானிஸெத்தாவிலும் கல்தாஜிரோனேயிலும் ஒளிந்திருக்கிறது. 'மன்ஸிலுல் அமீர்' மிசில்மேரி ஆயிற்று. 'அல்கந்தரா' என்னும் பாலம் ஆறு ஒன்றின் பெயராக ஓடுகிறது. பலெர்மோவின் பேராலய வாயில் தூண் ஒன்றில் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 54ஆம் வசனம் இன்றும் பொறித்தபடியே நிற்கிறது. அது தேவாலயமாயிருந்து, பள்ளிவாசலாகி, மீண்டும் தேவாலயமான இடம். திராப்பானி மக்கள் மீன்குழம்போடு உண்ணும் 'குஸ்குஸு' எதிர்க்கரையின் உணவே. அருகிலுள்ள மால்டா தீவில் மொழியே அரபியின் கிளை. கத்தோலிக்கரான அம்மக்கள் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கின்றனர். தம் நாற்பது நாள் நோன்புக்காலத்தை 'ரன்தான்' என்கின்றனர். ரமளானின் திரிபே அது.

உறவும் அறுந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறுமையால் வாடிய சிசிலி மக்கள் ஆயிரமாயிரமாகத் துனீசியாவுக்குக் குடிபெயர்ந்து, மீன்பிடித்தும் திராட்சை பயிரிட்டும் வாழ்ந்தனர். துனிஸின் துறைமுகப் பகுதியான ஹல்குல் வாதியில் பள்ளிவாசலும் தேவாலயமும் யூத ஆலயமும் அருகருகே நின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்று திசைமாறியது. துனீசியர் சிசிலிக்கு வரலாயினர். 2013 அக்டோபர் 3ஆம் நாள் லம்பதூசா தீவருகே படகு கவிழ்ந்து 360க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் எரித்திரியாவின் அகதிகள். ஒருகாலத்தில் கோதுமையும் கவிதையும் கடந்துவந்த அதே நீரில் இன்று உயிர்கள் மிதக்கின்றன. மெஸ்ஸினாவில் கப்பல் உடைந்தபோது ஏழைகளுக்காகக் காசு கொடுத்த மன்னனின் செயலை இப்னு ஜுபைர் எழுதிவைத்தார். நம் காலத்தைப் பற்றி எழுதுவோர் என்ன எழுதிவைப்பர்?

தொடங்கிய இடத்துக்கே வருகிறோம். 827இல் படை இறங்கிய மஸாரா இன்று இத்தாலியின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்று. 1960களின் இறுதியிலிருந்து அதன் விசைப்படகுகளில் உழைக்கத் துனீசிய மீனவர்கள் வந்து சேர்ந்தனர். பழைய அரபு நகரின் குறுகிய தெருக்களில் குடியமர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எந்த ஊரினர் தெரியுமா? மஹ்திய்யாவினர்! மஸாராவின் பெயரைத் தாங்கிய இமாம் மஹ்திய்யாவில் வாழ்ந்தார். எண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் மஹ்திய்யாவின் மக்கள் மஸாராவில் வாழ்கின்றனர். அரசர்கள் வரைந்த எல்லைகள் எத்தனையோ அழிந்துவிட்டன. இந்தப் போக்குவரத்து அழியவில்லை.

நம்மவருக்குள் மூளும் பகை அயலானை அழைத்துவரும். அரசவையின் புகழுரையை மட்டும் நம்பி ஒரு சமுதாயம் பாதுகாப்பாக இருந்துவிட முடியாது. அக்கரையில் சிக்கிய சகோதரனைப் பற்றி நல்லெண்ணம் கொள்வதே மார்க்க அறிஞர் காட்டிய வழி. இம்மூன்றையும் அந்தக் கடல் நமக்குக் கற்பிக்கிறது. இரு கரையையும் படைத்தவன் ஒருவனே. கடலைக் கடப்போர் அனைவரையும் அவன் கரைசேர்ப்பானாக!